வசவுக்கு எத்தனை பெயர்?

செகந்திராபாத்தை ஒட்டிய சைனிக்புரியில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறைய. பல மாநிலத்தவர் கலந்து வாழும் இடத்தில் சண்டைகூடச் சில நேரம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். வீட்டுப் பேச்சில் நாம் ‘கெட்ட வார்த்தை’ என்று ஒரே கூடையில் போடுவதை ஆங்கிலம் கூறுகட்டி வைத்திருக்கிறது.

‘கர்ஸ்’ என்பது சாபம். ‘நாசமாய்ப் போ’ அந்த ரகம். ‘ஸ்வேர்’ வேடிக்கையான சொல். சிப்பாய் எடுக்கும் உறுதிமொழிக்கும் அதுதான், வாயில் வரும் வசவுக்கும் அதுதான்! கடவுள் பெயரை வீணாக இழுத்து ஆணையிடுவது பாவமாக எண்ணப்பட்ட காலத்தின் மிச்சம் அது. ‘ஸ்லர்’ ஆளோடு நிற்காது. அவர் பிறந்த இனத்தையே இழிவுபடுத்தும்.

நீதிமன்றத்தில் இந்த வேறுபாடு விளையாட்டல்ல. ‘அப்யூஸ்’ வேறு, ‘அப்ஸீன்’ வேறு. அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின், ஆபாசப் பேச்சுக்கான 294(பி) பிரிவுக்கு வெறும் திட்டு போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. எழுத்தில் வரும் அவதூறை ‘லைபல்’, வாய்ப்பேச்சை ‘ஸ்லாண்டர்’ என இங்கிலாந்துச் சட்டம் பிரிக்கும். நம் குற்றவியல் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே.

பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லிப் பலர் பார்வையில் திட்டினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். வெளியார் எவருமில்லாத நான்கு சுவருக்குள் என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு.