போல்ட்டின் தலையெழுத்து

பட்டறையில் ஒரு போல்ட் உடைந்தால், உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போகிறோம். "அண்ணே, இதே மாதிரி எட்டு கொடுங்க" என்கிறோம். கடைக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியிலிருந்து அள்ளித் தராசில் போடுகிறார். பில்லில் 'போல்ட்' என்ற ஒரே சொல், பக்கத்தில் எடை. நம் பாதுகாப்பும், பிறகு நியாயம் கேட்கும் உரிமையும் அந்த இடத்திலேயே கைநழுவிப் போகின்றன.

கண்ணளவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 1990 ஜூன் 10 காட்டியது. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், கேப்டனின் முன்னால் இருந்த கண்ணாடி சுமார் 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்டனில் விமானத்தை இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். முந்தைய நாள் அதிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், கழற்றிய போல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே புதியவற்றை எடுத்திருந்தார். 90 போல்ட்டுகளில் 84, வேண்டிய விட்டத்தைவிட 0.66 மில்லிமீட்டர் சிறுத்தவை. மீதி ஆறும் நீளத்தில் 2.5 மில்லிமீட்டர் குறைவு. கழற்றிய பழைய போல்ட்டுகளே தவறானவை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. ஆகவே, கையிலிருக்கும் பழைய துண்டைச் சாட்சியாக நம்பாதீர்கள். இயந்திரத்தின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அறுகோணத் தலை போல்ட்டின் மேல் 4.6, 8.8, 10.9 என்று எண் பொறித்திருக்கும். அருகில் தயாரிப்பாளரின் குறியும் இருக்கும். 8.8-இல் முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தாலும் அறாது என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அந்தப் பலத்தில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் வித்தியாசம் விளங்கும். எம்12 அளவுள்ள (12 மில்லிமீட்டர் விட்டம்) 4.6 போல்ட் ஏறக்குறைய 2 டன் இழுவையிலேயே நீளத் தொடங்கிவிடும். அதே அளவு 8.8 ஐந்தரை டன் வரை தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 'ஹைடென்சில்' என்று வாயால் சொல்லிக் கேட்டால் எதுவும் கைக்கு வரலாம். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நட்டும் அதற்கு இணையாக இருக்க வேண்டும்: 8.8 போல்ட்டுக்கு 8 என்று குறியிட்ட நட்டு.

மரையிலும் கவனம் தேவை. விட்வொர்த், யு.என்.சி. என்பவை இரண்டு வேறு மரை முறைகள். அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, யு.என்.சி.யில் 13. ஒன்றின் நட்டு மற்றதில் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை சிதையும். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குகிறவர்கள் ஏ2 ரகத்தை விட்டு, மாலிப்டினம் சேர்ந்த ஏ4 ரகத்தைக் கேட்பது நல்லது.

தலையெழுத்தே பொய்யாகவும் இருக்கலாம். 1980களில் அமெரிக்கச் சந்தையில், உயர்ந்த ரகத்துக்குரிய ஆறு கோடுகளைத் தலையில் பொறித்த போலி போல்ட்டுகள் பரவலாகப் புழங்கின. சூடேறினால் பலம் இழக்கும் மலிவான போரான் எஃகில் செய்தவை அவை. அந்த நாடு 1990-இல் போல்ட்டுகளின் தரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நாம் என்ன செய்யலாம்? தயாரிப்பாளர் குறி இல்லாத போல்ட்டைப் பாரம் தாங்கும் இடத்தில் போடாதீர்கள். பெட்டியோடு வாங்கி, தொகுதி எண்ணுக்குரிய சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதோடுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரியும். முத்திரை போலி என்றால் அதே செயலியில் புகாரும் செய்யலாம். கிரேன், லிஃப்ட், ராட்டினம் போன்ற ஆள் உயிர் தொங்கும் இடங்களுக்கு வாங்கும்போது, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் இரண்டு போல்ட்டைக் கொடுத்துச் சோதிக்கும் செலவு ஒரு செலவே அல்ல.

நல்ல போல்ட்டையும் தவறாக இறுக்கினால் கெடும். போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது மயிரிழை நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மிஞ்சும் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. அதனால் மரையில் எண்ணெய் பட்டால், அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். துரு இருந்தாலோ கைக்கு இறுகியதாகத் தோன்றும், உள்ளே பிடிப்பு இருக்காது. எம்12, 8.8 போல்ட்டுக்கு அட்டவணைகள் தருவது சுமார் 80 நியூட்டன் மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் ஸ்பேனரில் இருபது கிலோ அழுத்தம், அவ்வளவுதான். ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் தொங்குவது போல்ட்டைக் கொல்லும் வேலை. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். வட்டமாக அமைந்த போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் எப்படிக் கழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனையால் காட்டினார். அதைத் தடுப்பது சரியான இறுக்கமே.

இனி, மீறி விபத்து நடந்தால். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பயனுக்கும் அது தகுதியாக இருக்க வேண்டும். ஆனால் விவரம் எழுத்தில் இருந்தால்தானே பேச முடியும்? 'எம்12, 50 நீளம், 8.8, தயாரிப்பாளர் இன்னார்' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியதை ஏற்காது. சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கிய சுயதொழில்காரர் மட்டும் அதில் நுகர்வோராகவே கருதப்படுகிறார். மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழி கேட்க, உதவி எண் 1915. தொழிற்சாலையில் வேலை செய்பவர், உயிருக்கு ஆபத்தான கோளாறைக் கண்டால் நிர்வாகத்திடம் உடனே சொல்லும் உரிமை பெற்றவர். அதையும் எழுத்தில் கொடுங்கள்.

உடைந்த போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டாம், தேய்த்துக் கழுவவும் வேண்டாம். படம் எடுத்து, ஈரம் படாமல் தனித்தனியாகச் சுற்றி, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். முறிந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்ட தடம் போல வரிகள் இருந்தால், அது ஒரே நாளில் உடைந்ததல்ல. பல நாள் அதிர்வில் சிறுகச் சிறுக விரிந்த விரிசல். இறுக்கத்தில் குறையா, எஃகில் குறையா என்று வல்லுநர் தேடத் தொடங்குவது அந்த வரிகளிலிருந்துதான்.