காட்டு ரோந்துக்கு எந்த வண்டி?

சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் கார், லாரி, பைக், டயர் எல்லாமே தயாராகின்றன; வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதுமலை போன்ற காட்டில் ரோந்து போகும் வண்டிக்குக் குதிரைத்திறனைவிட எடைதான் முக்கியம். சுமார் ஒரு டன்னே இருந்த மாருதி ஜிப்ஸி, 2019-ல் தயாரிப்பு நின்ற பிறகும் புலிகள் காப்பகங்களில் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்: சேற்றில் புதைந்தால் நாலு பேர் தள்ளினால் போதும். மஹிந்திரா தாரில் 2023-ல் வந்த பின்சக்கர இயக்க மாடலும் பார்வைக்கு முரட்டு வண்டிதான். ஆனால் ஈரக் களிமண் ஏற்றத்தில் சும்மா சக்கரம் சுற்றும்.

கனமான வண்டிதான் யானைக்கு முன் பாதுகாப்பு என்பார்கள். நாலு டன் கொம்பனுக்கு இரண்டு டன் வண்டி ஒரு பொருட்டா? அங்கே காப்பாற்றுவது தூரமும், ரிவர்ஸ் எடுக்க இடமும். கூரை விளக்குக்குக் கொட்டும் காசில் பட்டன் டயர், இழுவைக் கயிறு, வயர்லெஸ் வாங்கலாம். சேற்றில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும்; அதே டயர் பாறையில் கிழியும் என்பதால் காற்றடிக்கும் பம்பும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.