உள்ளத்திற்கும் பயிற்சி உண்டு

உழைப்பாலும் பயிற்சியாலும் உடலை உரப்படுத்தலாம் என்பதை நம் கிராம மக்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உள்ளத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் மட்டும், "அவனுக்கு நெஞ்சுரம் பிறவியிலேயே வாய்த்தது, இவன் பயந்த சுபாவம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு சரியன்று. பதற்றத்தை அடக்குவதும், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், தோற்ற பின் மறுபடி நிமிர்வதும் பழக்கத்தால் பெரிதும் வளரக் கூடியவை என்று விளையாட்டுத் துறையினர் கண்டிருக்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் நம் மாநில ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது. பந்தும் மட்டையும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கையில் எடுக்கும் இளைஞனின் உள்ளத்தைப் பற்றியும் ஊராட்சிகள் சிறிது சிந்திப்பது நலம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ், தமது 18-ஆவது வயதில், 2024-ஆம் ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரெனுடன் உலகச் சதுரங்கப் பட்டத்திற்காகப் போட்டியிட்டார். மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றுப் போனார். அதன் பின்னர் விசுவநாதன் ஆனந்தைக் காண நேர்ந்தபோது அவர் கூறியதைக் குகேஷே பிற்பாடு வெளியிட்டிருக்கிறார். 2010-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் ஆனந்தும் முதலாட்டத்தில் தோற்றவர். அப்போது அவருக்கு எஞ்சியிருந்தவை 11 ஆட்டங்களே. உனக்கோ 13 இருக்கின்றன என்பதே அவர் சொன்னதன் சாரம். இச்சொல்லில் புகழ்ச்சியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு ஒன்றுதான் இருக்கிறது. தேர்வில் தவறிய மகனிடமும், பந்தயத்தில் தோற்றுத் திரும்பிய மகளிடமும் நம் வீடுகளில் எவ்வகைச் சொல் வழங்குகிறது என்பதைப் பெற்றோர் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குகேஷ் 11-ஆவது ஆட்டத்தில் வென்று முன்னே வந்தார். மறுநாளே 12-ஆவது ஆட்டத்தில் தோற்றுச் சமநிலைக்கு இறங்கினார். அனுபவம் மிக்கவரையும் நிலைகுலையச் செய்யும் தருணம் அது. ஆயினும் 13-ஆவது ஆட்டத்தைச் சமன் செய்து, டிசம்பர் 12-ஆம் நாள் 14-ஆவது ஆட்டத்தில் எதிராளி செய்த ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு பட்டத்தை வென்றார். அவருடன் பணியாற்றிய குழுவில் தென்னாப்பிரிக்கரான பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் இவரே அப்பணியைச் செய்தவர். காய் நகர்த்தும் நுட்பங்களைச் சொல்லிக் கொடுக்க வேறு வல்லுநர்கள் இருந்தனர். அடுத்து என்ன ஆகுமோ என்று ஓடும் எண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, கண்முன் இருக்கும் காரியத்தில் அமர்த்துவதே இத்தகைய பயிற்சியாளரின் வேலை. ஆட்டம் தொடங்குமுன் குகேஷ் கண்மூடி அமைதியாக அமர்ந்திருந்ததை உலகம் முழுவதும் பார்த்தது. வென்றவுடன் கண்ணீர் பெருகிய நிலையிலும் அவர் காய்களைப் பலகையில் மீண்டும் வரிசையாக அடுக்கி வைத்தார். பழக்கம் என்பது எத்துணை ஆழமாக வேரோடும் என்பதை அச்செயல் காட்டிற்று.

சதுரங்கம் நகரத்து ஆட்டமாயிற்றே என்று நம் வாசகர் எண்ணலாகாது. கபடியை எடுத்துக் கொள்வோம். பாடிச் செல்பவன் ஒரே மூச்சில் பாட வேண்டும்; இன்றைய விதிப்படி 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும். நெஞ்சு படபடத்தால் மூச்சு மேலெழுந்து குறுகிவிடும். குறுகிய மூச்சுடன் எதிர்ப்புறம் நுழைந்தவன் கோட்டைத் தொடுமுன் பாட்டை விட்டுவிடுவான். கால் வலுவில் குறைவில்லாத ஆட்டக்காரன் கடைசி நேரத்தில் பிடிபடுவது பெரும்பாலும் இதனால்தான். மூச்சை நெடிதாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணியும் என்பது உடலியல் உண்மை. ஆதலின், மூன்று எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிடும் பழக்கத்தை ஆட்டக்காரன் நாள்தோறும் ஐந்து நிமிடம் மேற்கொள்ளட்டும். பாடப் புறப்படுமுன் அவ்வாறு இரண்டு மூச்சு விட்டால் போதும். பந்தய நாளன்று மட்டும் இதைச் செய்து பார்ப்பவனுக்குப் பயனில்லை. விதைக்காத வயலில் அறுக்கப் போவதற்கு அது ஒப்பாகும்.

பதற்றம் முழுவதும் தீங்கு என்பதும் தவறு. 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு சோதனை நடத்தினர். எளிய வேலையைக் கற்பதற்கு மிகுந்த தூண்டுதலும் உதவிற்று. கடினமான வேலைக்கோ மிதமான தூண்டுதலே சிறந்ததாக இருந்தது. கயிறிழுக்கும் பந்தயத்தில் ஊரே கூடி ஆரவாரம் செய்யலாம். குறி பார்த்து எறிகிறவனையோ, எதிரியின் காலசைவைக் கவனித்துப் பாடுகிறவனையோ கோட்டோரத்தில் நின்று ஏசுவது அவன் ஆற்றலைப் பாதியாக்குவதே ஆகும். நம் மைதானங்களில் இந்த ஏச்சு சற்று அதிகந்தான்.

நம் சீமையின் வடமாடு மஞ்சுவிரட்டிலும் இதைக் காணலாம். நீண்ட வடத்தில் கட்டிய காளையைக் குறித்த நேரத்திற்குள் ஒரு குழுவினர் அடக்க வேண்டும். தேர்ந்த வீரர்கள் திமிலின் மீதே கண்ணாக இருந்து, காளை திரும்பும் கணத்திற்காகக் காத்திருப்பார்கள். கூட்டத்தின் கூச்சலுக்குச் செவி சாய்த்துப் பாய்கிறவனே குத்துப்படுகிறான். இக்காத்திருத்தல் பாடநூலில் படித்ததன்று. மூத்தவரோடு பல காலம் நின்று பழகியது. அந்த மூத்தவர்களை மாலை வேளையில் மைதானத்திற்கு அழைத்து இளைஞரோடு பேசச் செய்தால், அதுவும் மனப் பயிற்சியே.

இனி வயலுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை, கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்தில் ஒரு முறையும், பணம் கைக்கு வந்த பின்னர் ஒரு முறையும் அறிவுச் சோதனைக்கு உட்படுத்தினர். அதே மனிதர், ஆனால் அறுவடைக்கு முன் அவர்களுடைய தேர்ச்சி குறைந்திருந்தது. கடனும் செலவும் பற்றிய கவலை மனத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக் கொள்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதனை ஐயுற்று எழுதிய அறிஞரும் உளர். எனினும் கண்மாய் வறண்ட ஆண்டில் நம் வட்டாரத்து உழவர் படும் பாட்டைப் பார்க்கும் எவரும் இம்முடிவை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். உழவனுக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. சுமையேற்றிய வண்டி மெதுவாகச் செல்கிறது, அவ்வளவே.

இதிலிருந்து கைக்கொள்ளத் தக்க பழக்கங்கள் சில உண்டு. நிலத்தை ஒற்றி வைப்பது, வட்டிக்கு வாங்குவது, மாட்டை விற்பது போன்ற பெரிய காரியங்களை மனம் கொதித்த அன்றே முடிக்காமல், இயன்றால் ஓர் இரவு தள்ளி, வீட்டாரில் ஒருவரோடு கலந்து முடிப்பது முதலாவது. நினைவில் சுமப்பதைத் தாளில் இறக்கி வைப்பது மற்றொன்று. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய செட்டிநாட்டுக் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவனும் அன்றைய கணக்கை அன்றே எழுதி நேர் செய்யும் ஒழுங்கிலே வளர்ந்தான். பணம் பெருகியதற்கு அது காரணமோ இல்லையோ, கணக்கை எழுதி முடித்தவனுக்கு நிம்மதியான உறக்கம் உண்டு. விதை, உரம், கூலி, கடன் தவணை ஆகியவற்றை நாலணா நோட்டில் எழுதும் காலம் போய்விட்டது. இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். மூச்சுப் பயிற்சியால் கண்மாயில் நீர் நிறையாது, கடனும் அடையாது. மடையைப் பழுது பார்ப்பதும், பயிர்க் காப்பீட்டிற்கு உரிய நாளில் பதிவதும், கூட்டுறவுக் கடனுக்கு மனுச் செய்வதும் தனித்தனியே செய்ய வேண்டியவை. "மனத்தைத் திடப்படுத்திக் கொள்" என்று உபதேசித்துவிட்டு இவற்றைக் கைவிடும் ஊராட்சி தன் கடமையைச் செய்ததாகாது. அவ்வாறே, பல நாட்கள் உறக்கமின்றி உணவில் விருப்பமின்றி இருப்பவருக்கும், உயிரை மாய்த்துக் கொள்வதாகப் பேசுபவருக்கும் வேண்டியது மருத்துவம். விளையாட்டுப் பயிற்சி அதற்கு ஈடாகாது. 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் 2022 முதல் நடைபெறும் மனநலச் சேவையின் தொலைபேசி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேனும் இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகத்திலும், நியாய விலைக் கடையிலும், பள்ளி வாயிலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு தாளும் சிறிது மையுமே செலவு.

மைதானத்தைப் பொறுத்தவரை, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி நமக்கு அண்மையில் இருக்கிறது. ஆசிரியர் ஒருவரை மாதம் ஒரு மாலை அனுப்ப இயலுமா என்று ஊராட்சி சார்பில் எழுதிக் கேட்கலாம். மடல் எழுதுமுன் மைதான விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பயிற்சிக்கு வருவோரிற் பலர் நூறு நாள் வேலையோ கட்டட வேலையோ முடித்து, பொழுது சாய்ந்த பின்னரே வரக் கூடியவர்கள்.