சிறைத் தறியில் பிறந்த இரத்தினக் கம்பளம்

நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும்போது, "நமது சரக்குக்குப் போட்டி யார்?" என்னும் கேள்வி எழாத நாள் இல்லை. ஆலைத் துணி என்பர் சிலர். விசைத்தறி என்பர் வேறு சிலர். ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டுக் கம்பள நெசவாளரை எதிர்த்து நின்ற போட்டி, ஆலையிலிருந்தும் வரவில்லை; விசைத்தறியிலிருந்தும் வரவில்லை. அவர்தம் தறியைப் போன்ற கைத்தறியிலிருந்தே வந்தது. அத்தறி நின்ற இடம் சிறைச்சாலை. அதன் முன் அமர்ந்து நெய்தவன் கைதி. அவ்வரலாறு நமது சங்க உறுப்பினர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகையால், அதனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இரத்தினக் கம்பளம் நெய்யும் முறை

பவானி ஜமக்காளத்தை நம்மில் அறியாதார் இலர். அதில் ஊடை பாவை மூடிச் செல்லும். பரப்பு தட்டையாக இருக்கும். இரத்தினக் கம்பளம் வேறு வகை. நிறுத்திய தறியில் பருத்திப் பாவு மேலிருந்து கீழாக ஓடும். இரண்டு பாவிழைகளைப் பற்றி வண்ணக் கம்பளி இழையால் ஒரு முடிச்சு இட்டு, மிச்ச நுனியைச் சிறு கத்தியால் அறுப்பர். ஒரு வரிசை முடிச்சு முடிந்தபின் ஊடை செலுத்தி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவர். நெய்து முடிந்ததும் கத்தரியால் பரப்பைச் சமன் செய்வர். வடநாட்டுத் தறிகள் பலவற்றில், எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை எழுதிய சீட்டு ஒன்றை ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்டுக் கேட்டு முடிச்சிடுவர். அச்சீட்டுக்குத் தாலீம் என்று பெயர்.

இவ்வேலையின் அளவை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். பன்னிரண்டு அடி அகலமும் பதினைந்து அடி நீளமும் உள்ள கம்பளம் ஒன்றில், சதுர அங்குலத்திற்கு நூறு முடிச்சு எனக் கொண்டால், மொத்தம் 25,92,000 முடிச்சுகள் வரும். ஒருவர் நாளொன்றுக்கு ஆறாயிரம் முடிச்சு இடுவதாக வைத்துக்கொண்டாலும் 432 ஆள்நாள் வேலை. நால்வர் ஒன்றாக அமர்ந்து நெய்தால் 108 நாட்கள். கம்பளி, சாயம், பருத்தி நூல் யாவற்றினும் மேலாகக் கம்பளத்தில் அடங்கிக் கிடப்பது மனிதனின் கைவேலையே. இக்கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது தேவைப்படும்.

அக்பர் ஆக்ரா, பத்தேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் கம்பளப் பட்டறைகளை நிறுவியதை அபுல் பசல் 'ஆயினே அக்பரி'யில் எழுதி வைத்தார். தெற்கே மசூலிப்பட்டினமும் ஏலூரும் பெயர் பெற்றன. நம் பக்கத்தில் தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டையிலும், வாலாஜாப்பேட்டையிலும் இத்தொழில் நடந்தது.

தறி சிறைக்குள் சென்ற கதை

கைதியைக் கொண்டு என்ன வேலை வாங்குவது என்பதில் ஆங்கில அரசாங்கத்தாரிடையே நெடுநாள் கருத்து வேற்றுமை இருந்தது. மெக்காலே உறுப்பினராயிருந்த சிறை ஒழுங்குக் குழு, 1838-ஆம் ஆண்டு அறிக்கையில், கைதிக்குச் சலிப்பூட்டும் கடின வேலையே தக்கது என்று கூறியது. பின்னர் வங்காளச் சிறைகளின் தலைமை அதிகாரியாக வந்த டாக்டர் மௌவட் என்பார், சிறை ஒரு தொழிற்பள்ளியாக இருக்க வேண்டும், தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று வாதிட்டார். காலப்போக்கில் அவர் கட்சியே ஓங்கியது.

அதே காலத்தில் வாணிபமும் துணை நின்றது. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இந்தியக் கம்பளங்களைக் கண்ட ஐரோப்பியர், அவற்றை விரும்பிக் கேட்கலாயினர். வீட்டுத் தறியில் நெய்பவனுக்குப் பெரிய கம்பளம் என்பது எளிதான காரியமன்று. மாதக்கணக்கில் முதல் முடங்கும், இடம் வேண்டும், ஆள் வேண்டும், விற்கும்வரை வயிறு காத்திருக்க வேண்டும். சிறைக்கோ இவை ஒன்றும் தடையல்ல. நீண்ட கொட்டடிகள் இருந்தன, பல ஆண்டுத் தண்டனை பெற்றோர் இருந்தனர், முதல் அரசாங்கத்தினுடையது. ஆகவே ஆக்ரா, லாகூர், பூனாவை அடுத்த ஏரவாடா, ஜெய்ப்பூர், பிகானீர், குவாலியர் ஆகிய இடங்களின் சிறைகளில் கம்பளத் தறிகள் எழுந்தன. சென்னை இராஜதானியில் வேலூர்ச் சிறையிலும் கம்பளம் நெய்யப்பட்டது.

அரண்மனையில் விரித்த கம்பளம்

இச்சிறைகளுள் புகழ் மிக்கது ஆக்ரா. விக்டோரியா அரசியின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவையொட்டி, விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்திற்கென ஆக்ராச் சிறைக் கைதிகள் ஒரு கம்பளம் நெய்தனர். இணைப்பின்றி ஒரே விரிப்பாக நெய்யப்பட்ட அதன் எடை ஏறத்தாழ இரண்டு டன். 1992 நவம்பரில் அக்கோட்டையில் தீப்பற்றியபோது, போர்வீரர் பலர் கூடி அதனைச் சுருட்டித் தூக்கிக் காத்தனர்.

அதற்கு முன்னரே, 1886-இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாட்டு, இந்தியப் பொருட்காட்சிக்கு, ஆக்ராச் சிறையின் கண்காணிப்பாளர் டாக்டர் டைலர் முப்பத்து நான்கு கைவினைஞரை அழைத்துச் சென்றார். கம்பளம் நெய்வோரும் அவர்களுள் இருந்தனர். பார்வையாளர்கள் அவர்களைப் பரம்பரைக் கிராமக் கைவினைஞர் என்றே எண்ணி வியந்தனர். உண்மையில் அவர்கள் ஆக்ராச் சிறையில் தொழில் கற்றவர்கள். அரசியார் அவர்களிற் சிலரை ருடால்ப் ஸ்வோபோடா என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்தார். சிறைத் தொழிலாளருள் பெயரும் முகமும் பதிவானோர் இவர்களைப் போன்ற வெகு சிலரே. ஏனையோர் நெய்த கம்பளங்கள் ஆக்ராக் கம்பளம் என்ற ஊர்ப் பெயரோடு இன்று இலண்டனிலும் நியூயார்க்கிலும் பெருவிலைக்கு ஏலம் போகின்றன. நெய்தவன் பெயர் எங்கும் இல்லை.

குறையும் நிறையும்

சிறைக் கம்பளத்திற்கு எதிர்ப்பும் விரைவிலேயே எழுந்தது. ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார் 1880-இல் வெளியிட்ட இந்தியக் கைத்தொழிற் கலைகள் பற்றிய நூலில், சிறைப் போட்டியால் பழைய கம்பள நெசவு சீரழிகிறது என்று வருந்தினார். 1879-இல் பர்மிங்காம் நகரில் பேசிய வில்லியம் மாரிஸ், சிறையில் நல்ல வேலை நடப்பதைத் தாம் குறைகூறவில்லை என்றும், அரசாங்கமே மலிவு ஒன்றையே குறியாகக் கொண்டு சரக்குச் செய்வதுதான் கேடு என்றும் கருத்துரைத்தார்.

சாயத்தைப் பற்றியும் குறை எழுந்தது. 1856-இல் இங்கிலாந்தில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டபின், அவுரி, மஞ்சிட்டி, அரக்கு, மாதுளைத் தோல், கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு நாட்கணக்கில் தோய்த்த நிறத்தை, ஒரு பொட்டலத் தூளால் ஒரு பொழுதில் பெற முடிந்தது. தொடக்ககாலத் தூள்கள் வெயிலில் வெளிறின. சிறைத் தறிகளிலும் அவை புகுந்தன. 1897 முதல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்ததும், அவுரி பயிரிட்ட உழவனும் சேர்ந்தே இழந்தான் என்பதை நமது விவசாய உறுப்பினர்கள் கருதுவார்களாக.

எனினும் சிறைத் தறி செய்த நன்மையையும் மறைத்தல் நேர்மையாகாது. பீஜப்பூர் ஆசார் மகாலில் இருந்த பழங்கம்பளங்களின் உருவங்களை ஏரவாடாச் சிறையில் பார்த்து நெய்தனர். ஜெய்ப்பூர் அரண்மனைக் கம்பளங்களின் உருவங்களை அங்கு மருத்துவராயிருந்த ஹெண்ட்லி தொகுத்து 1905-இல் நூலாக்கினார். அச்சிறையும் பழைய உருவங்களையே பின்பற்றியது. சந்தைக்காக அவசரமாக நெய்தவர் கைவிட்ட நுட்பங்கள் சில, சிறைச் சுவருக்குள் பிழைத்தன.

கூலிப் பத்தி

குறை சொன்னோர் பெரும்பாலும் சாயத்தையும் உருவத்தையுமே பேசினர். கணக்கேடு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கோ வேறொன்று கண்ணில் படுகிறது. சிறைக் கம்பளத்தின் அடக்க விலையில் கம்பளிக்கு ஒரு தொகை உண்டு, சாயத்திற்கு உண்டு, நூலுக்கு உண்டு. மேலே நாம் போட்ட 432 ஆள்நாளுக்கு உரிய கூலிப் பத்தி வெறுமை. கைதியின் சோறும் துணியும் வேறு கணக்கில் சேர்ந்துவிட்டன. வெளியே இருந்த நெசவாளியோ தன் சோற்றையும், தன் பிள்ளைகளின் சோற்றையும் அந்தப் பத்தியிலிருந்தே எடுக்க வேண்டியவன். இருவரும் ஒரே சந்தையில் விலை கூறினால் எவன் தோற்பான் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

அயல்நாட்டார் இதனை விரைவில் உணர்ந்தனர். அமெரிக்கா 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தால், வெளிநாட்டுக் கைதிகள் செய்த சரக்கு தன் நாட்டில் இறங்காதவாறு தடுத்தது. பிரிட்டன் 1897-இல் வெளிநாட்டுச் சிறைச் சரக்கிற்கு எதிராகச் சட்டம் செய்தது. இவை அவரவர் நாட்டுத் தொழிலைக் காக்க எழுந்தவை. நம் நாட்டில் கார்டியூ தலைமையில் அமைந்த 1919-20 சிறைக் குழு, கைதியைத் திருத்துவதே சிறையின் முதல் நோக்கம் என்று வற்புறுத்தியது.

வெறுமையான கூலிப் பத்தி சிறைக்குள் மட்டும் இருந்ததென்று எண்ணிவிடலாகாது. இந்தியத் தொழிலாளர் பற்றிய இராயல் கமிஷன் 1931-இல் தந்த அறிக்கையில், அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளில் சிறு குழந்தைகள், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக வேலை செய்ததை எடுத்துக் காட்டியது. அதன்பின் 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சுவருக்கு உள்ளே கைதி. சுவருக்கு வெளியே குழந்தை. பத்தி என்னவோ ஒன்றே. சிறையில் உழைப்பவருக்கு நியாயமான கூலி தரப்பட வேண்டும் என்று நமது உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1998-இல்தான்.

நமது ஏட்டிலும் ஒரு வெறுமை

இவ்வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நெசவாளர் சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அடக்க விலைப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, உறுப்பினர் வீடுகளில் தறிகளை எண்ணி வந்தோம். ஒரு வீட்டு வாயிலில் அம்மையார் ஒருவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நம் கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, நான் தார் சுத்தற வேலை அதுல எங்கெ எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டார்.

"நெசவுக் கூலியிலேயே அடக்கம், அம்மா" என்றோம்.

"அப்போ அவரு கூலியில எனக்கு எத்தனைங்க?" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

நம்மிடம் விடையில்லை. ஆண்டுதோறும் அப்பட்டியலில் கையொப்பமிட்டவர் நாமே. தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடக் கை கொடுப்பதும், இழை அறுந்தால் முடிவதுமாக அந்த அம்மையார் தறிக்குச் செலுத்திய நாட்கள் ஒன்றும் அதில் இல்லை. ஆக்ராச் சிறையின் கணக்கில் கண்ட வெறுமையை, நமது சங்கத்தின் கணக்கில் நாம் காணத் தவறியிருந்தோம்.

ஆய்வறிக்கையில், முன்வேலைக் கூலியைத் தனி இனமாகக் காட்டிப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று எழுதினோம். விலை ஏறினால் சரக்குத் தேங்கும் என்று நிர்வாகக் குழுவினர் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று, தேக்கத்தின் வேதனையை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். எனினும், அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை வைப்பதாகவும், அன்று தார் சுற்றும் பெண்களையும் அழைத்துக் கேட்பதாகவும் ஒப்புக்கொண்டனர்.

வாசகர்களை நாம் வேண்டுவது ஒன்றே. தங்கள் சங்கத்தின் அடக்க விலைப் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுப்பினருக்கு அந்த உரிமை உண்டு. அதில் உங்கள் வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர், பட்டியலில் இடம் பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையெனில், அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அன்றைய சிறைக் கைதிக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை, கூட்டுறவாளருக்கு உண்டு.