புகையா, புழுதியா?

கோடைக்காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தைலமரக் காடுகளை ஒட்டிச் செல்லும் செம்மண் பாதையில் நின்று பாருங்கள். தொலைவிலே வானம் மங்குகின்றது. அது காற்று வாரியெடுத்த புழுதியா, காடு எரியும் புகையா? அருகே சென்றாலன்றி நமக்கு விளங்குவதில்லை. பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளோ, பரந்து எழும் புகையையும் புழுதியையும் பிரித்தறிய வல்லது. எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

நம் கண் காண்பது ஒளியின் ஒரு சிறு பகுதியையே. செயற்கைக்கோளிலுள்ள கருவி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களையும் உணர்கின்றது. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை. வெளிச்சத்தைச் சிதறடித்து நம் பார்வையை மறைப்பவை. ஆயினும், நீண்ட அகச்சிவப்பு அலைகளை அவை பெரிதும் தடுப்பதில்லை. ஆதலால் புகைக்கு அடியிலுள்ள நெருப்பு, சுமார் 4 மைக்ரான் அலைநீளத்தில் பளிச்செனத் தோன்றும். புழுதியின் இயல்பு வேறு. அதிலுள்ள மணற்பொருள், 11 மைக்ரான் கதிரை 12 மைக்ரான் கதிரைவிட மிகுதியாக உறிஞ்சுகின்றது. மேகத்திலே பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தார்ப் பாலைவனத்தில் எழும் புழுதிப் புயலை விஞ்ஞானிகள் இவ்வாறே மேகத்தினின்றும் பிரித்தறிகின்றனர். வண்டி கிளப்பும் புழுதி அவ்வளவு உயரத்திற்குத் தெரியாது.

செயற்கைக்கோள் காணும் தீயிடங்களை இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகின்றது. எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. துருவங்களின் வழியே சுற்றும் கோள் ஒவ்வொன்றும் ஓரிடத்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய இருமுறையே பார்க்கும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் இன்சாட் வகைக் கோள்கள் இடைவிடாது நோக்கினும், சிறு தீ அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடும்.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் தீ பரவிற்று. மலையேறச் சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்றும் சரிவும் துணைசெய்ய, நிமிடங்களில் மலையேறிவிடும். கோள் வரும் வேளைக்காக அது காத்திராது.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை வானம் மங்கக் கண்டால், புழுதிதான் என்று வாளா போய்விடாதீர்கள். பெரியோரிடம் சொல்லுங்கள், தீயணைப்பு நிலையத்திற்குச் செய்தி அனுப்பச் செய்யுங்கள். கோள் வந்து பார்க்கும் முன்னரே அத்தீ அணைந்திருக்கட்டும்.