போர்னியோவில் யானை ‘நிச்சயம்’ தெரிவது எப்படி?

இந்தியர்களுக்கு மலேசியா அளித்திருக்கும் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரைதான். அதற்குள் போர்னியோவைப் பார்த்துவிட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் விசா குழப்பத்துக்கு அடுத்தபடியாக வருவது ஒரு சந்தேகம். சபா மாநிலத்தின் கினபதாங்கான் ஆற்றில் இரண்டு நாள் படகில் போனால் ஒராங்குட்டான், யானை, நீள்மூக்குக் குரங்கு எல்லாமே தெரியும் என்கிறார்களே, முதுமலையிலேயே யானைக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கும்போது அங்கே மட்டும் எப்படி?

தெரியும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம்தான். ஆனால் அதற்குக் காரணம், விளம்பரம் சொல்லும் ‘செழித்த மழைக்காடு’ அல்ல. காடு சுருங்கிப்போனதுதான் காரணம்.

கினபதாங்கான், 560 கி.மீ. ஓடும் சபாவின் மிக நீளமான ஆறு. அதன் கீழ்ப்பகுதிச் சமவெளியில் முதலில் பெரிய மரங்களை வெட்டினார்கள். பிறகு எண்ணெய்ப்பனை வந்தது. மிஞ்சியது ஆற்றோரத்தில் ஒரு பட்டை. 2005இல் அதை அரசு காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயம் என்றதும் ஒரே பரப்பான காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏறத்தாழ 26,000 ஹெக்டேர், 10 துண்டுகளாகக் கிடக்கிறது. நடுவில் தோட்டம், கிராமம், சாலை. ஆற்றங்கரையில் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. 20 மீட்டரில் யானை திரும்பிப் படுக்கலாம், மேய முடியாது.

இனி, யானை படகுக்குப் பக்கத்தில் வருவது எப்படி என்று பாருங்கள். மேய்ச்சலுக்கு அது இடம் மாறியாக வேண்டும். தோட்டத்துக்குள் போனால் மின்வேலி. எனவே தண்ணீரை ஒட்டிய பட்டையிலேயே நடக்கிறது. நம் படகும் அங்கேதான் நிற்கிறது.

ஒராங்குட்டானின் கதை இன்னும் விசித்திரம். அதற்கு நீந்தத் தெரியாது. முன்பு கிளையாறுகளின் இரு கரை மரங்களும் மேலே கைகோத்திருந்தன. அந்த மரங்கள் போனபின் கடக்க வழியில்லை; கரையோரத் துண்டிலேயே சிக்கிக்கொண்டு படகில் வருபவர் கண்ணில் படுகிறது. பழைய தீயணைப்புக் குழாய்களைக் குறுக்கே கட்டித் தன்னார்வலர்கள் பாலம் அமைத்தார்கள். கொஞ்ச காலம் தயங்கிவிட்டு, ஒராங்குட்டான்களும் ஏறிப் பார்த்தன.

நீள்மூக்குக் குரங்கு மட்டும் விதிவிலக்கு. காடு முழுதாக இருந்தாலும், சாயங்காலம் உறங்குவதற்கு ஆற்றோர மரத்துக்கு வருவது அதன் வழக்கம். படகோட்டி எஞ்சினை நிறுத்தியதும் கிளை சலசலக்கும். ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்கும். கேமராவைத் தாழ்த்திவிட்டு அந்த மரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால், சில இடங்களில் வரிசை பிசகாமல் பனைகள் நிற்கும். (ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் இப்படிப்பட்ட தோட்டங்களின் சரக்குதான். தோட்டக்காரரை மட்டும் திட்டி நாம் நழுவ முடியாது.)

‘சபாவில் பாதிக்கு மேல் காடு’ என்ற அரசுக் கணக்கையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே சிலவகைக் காப்புக்காடுகளுக்குள்ளேயே மரத்தோட்டம் போட அனுமதி உண்டு.

அப்படியானால் போகலாமா? போகலாம். சுக்காவ் போன்ற கிராமங்களில் வீட்டு விடுதியில் தங்குங்கள். ஆற்றோரப் பட்டை பிழைத்திருந்தால்தான் அந்தக் கிராமத்தாருக்கு வருமானம்.

மற்றக் கேள்விகள்:

கோலாலம்பூரில் முத்திரை குத்திய பிறகும் சபாவில் ஏன் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்? 1963இல் மலேசியாவில் சேரும்போது சபாவும் சரவாக்கும் குடியேற்றக் கட்டுப்பாட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. தீபகற்ப மலேசியருக்கும் இதே சோதனைதான்.

விசா இல்லையென்றால் எந்தப் படிவமும் வேண்டாமா? இணையத்தில் வருகை அட்டை உண்டு. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது.

கினபாலு மலை ஏறலாமா? உயரம் 4,095 மீட்டர். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம்.

செப்பிலோக்கில் தெரிவது காட்டு ஒராங்குட்டானா? பெரும்பாலும் மீட்டு வளர்க்கப்பட்டவை. 1964 முதல் நடக்கும் மறுவாழ்வு மையம் அது.

திருவிழா? கடசான் டுசுன் மக்களின் அறுவடைத் திருநாள் காமாத்தான், மே 30, 31.

போர்னியோவின் புருனே, இந்தோனேசியப் பகுதிகளுக்கும் இதே விசா விலக்கா? இல்லை, அவை தனி நாடுகள், தனி விதிகள்.