துலக்கலும் தேய்த்தலும்

பல் துலக்குவது நல்ல பழக்கம் என்பதைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பழக்கம் அளவு கடந்தால் பல்லுக்கே கேடாக முடியும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காலை வேளையில் விடுதிக் குழாயடியில் சற்று நின்று பாருங்கள். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் தேய்ப்பதுபோலப் பல்லைத் தேய்க்கும் நண்பர்கள் எத்தனை பேர்! "அழுத்தித் தேய்த்தால்தானே வெளுக்கும்?" என்பது அவர்கள் வாதம். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

பல்லின் மேலுறையாக அமைந்திருப்பது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு தாதுப்பொருள். எனினும் இதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும்; எனாமலோ தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. கடைவாய்ப்பல்லின் முகட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் கனமுள்ள இவ்வுறை, ஈற்றை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மெல்லிய ஏடாகிவிடுகிறது. வேரின்மேல் எனாமலே கிடையாது. எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டைன், அது எனாமலைவிட மென்மையானது, நிறமோ மஞ்சள்.

முரட்டுத்தனமாகத் தேய்ப்பவரின் ஈறு நாளடைவில் பின்வாங்குகிறது, வேர் வெளிப்படுகிறது, பல்லின் கழுத்தில் ஆப்பு வைத்தாற்போலப் பள்ளம் விழுகிறது. டென்டைனில் உள்ள நுண்ணிய குழல்கள் திறந்துகொள்வதால், குளிர்ந்த நீர் பட்டதும் பல் சுரீரென்று கூசுகிறது. வெளுக்க வேண்டிய பல்லும் மஞ்சளாகவே தோன்றுகிறது. தெரிவது அழுக்கன்று, தேய்ந்த எனாமலின் ஊடே டென்டைன் தெரிகிறது! இதை அறியாதவர் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். மஞ்சள் இன்னும் மிகுகிறது.

குற்றம் பிரஷினுடையதா, பொடியினுடையதா? பெர்லினில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்கப் பல்மருத்துவ அறிஞர் வில்லோபி மில்லர் இதை ஆராய்ந்து 1907-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிரஷோடு சொரசொரப்பான பொடியும் சேரும்போதே பல் பெரிதும் தேய்கிறது என்பது அவர் கண்டது. இதைப் படிக்கும்போது நம் ஊர் உமிக்கரியும், செங்கல் தூளும், அடுப்புச் சாம்பலும் நினைவுக்கு வருகின்றனவல்லவா? உமிக்கரியில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா மிகுதி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், நாள்தோறும் மணல் ஊரப் பல் தேயாதா?

புளிப்பும் இதற்குத் துணைபோகிறது. கோடையில் புனே வீதிகளில் எலுமிச்சை பிழிந்த கரும்புச்சாறும் கோகம் சர்பத்தும் பருகாத மாணவர் யார்? புளிப்பிலுள்ள அமிலம் எனாமலின் மேற்பரப்பைச் சிறிது நேரம் இளகச் செய்கிறது. உமிழ்நீர் அதை மெல்ல மெல்ல மீண்டும் இறுகச் செய்யும். அதற்குள் பிரஷை எடுத்தால் இளகிய பகுதி உராய்ந்து போகும். ஆகவே புளிப்பு உண்டதும் வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத் துலக்குவதே நல்லது.

துலக்குதல் என்ற பெயரால் வரும் பெருந்தீங்கு ஒன்று, நாம் வந்து வாழும் இந்த மகாராஷ்டிரத்திலேயே உண்டு. அதற்கு மிஸ்ரி என்று பெயர். கற்கண்டு என்று எண்ணிவிடாதீர்கள்! புகையிலையைச் சூடான இரும்புத் தட்டில் கருக வறுத்துப் பொடித்தது அது. பெண்களிடையே இவ்வழக்கம் மிகுதி. பல் துலக்கவென்று தொடங்குவார்கள். பிறகு நிக்கோட்டின் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் பலமுறை அப்பொடியை ஈற்றில் தேய்க்காமல் இருக்க முடியாது. ஈறு கெடுவதோடு வாய்ப்புற்றுக்கும் அது வழிகோலுகிறது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மைய அரசு 1992-இல் தடை செய்தது. 1997-இல் உச்சநீதிமன்றமும் அத்தடையை நிலைநிறுத்தியது. ஆனால் வீட்டு அடுப்பில் வறுத்துக்கொள்வதைச் சட்டம் எப்படித் தடுக்கும்? அறிவுதான் தடுக்க வேண்டும்.

அப்படியானால் துலக்குவதையே விட்டுவிடலாமா? கூடவே கூடாது. பல்லில் படியும் கிருமிப் படலத்தை நீக்காவிட்டால் சொத்தையும் ஈறு நோயும் வரும். ஆனால் அப்படலம் மென்மையானது. அதை அகற்ற வலிமை தேவையில்லை, பொறுமையே தேவை. மென்மையான பிரஷையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையையும் கொள்க. பேனாவைப் பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சிறுசிறு அசைவுகளாகத் துலக்குக. காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டிரண்டு நிமிடங்கள் போதும். வலக்கையால் துலக்குவோர் இடப்பக்கப் பற்களில் அழுத்தம் மிகாமல் பார்த்துக்கொள்வது நலம்.

உங்கள் கை முரடா மென்மையா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நாளைக் காலையில் உங்கள் பிரஷை எடுத்துப் பாருங்கள். வாங்கிச் சில வாரங்களிலேயே அதன் தூவிகள் இருபுறமும் விரிந்து சாய்ந்திருந்தால், கை முரடுதான். பிரஷ் போனால் கடையில் வேறு வாங்கலாம். எனாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது.